மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு எந்நூல்களை வாங்குவது?
(தொம்மலூர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கணக்கெழுதும் நாம் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பாடம் சொல்ல நாம் வரவில்லை. எந்நூலை வாங்குவது, எதனை விடுவது என்பது குடும்பச் செலவைப் பற்றிய பேச்சு. அதிலே நமக்கும் பழக்கம் உண்டு.

நமது காலனியில் ஒரு வீட்டிலே, மகள் பி.யூ.சி. சேர்ந்த மாதமே தந்தையார் சேமநிதியில் கடன் எடுத்து, ஒரு பயிற்சி நிலையத்தின் புத்தகக் கட்டு முழுவதையும் வாங்கி வந்தார். முப்பத்திரண்டு நூல்கள்! இரண்டாண்டுகளில் அப்பெண் அவற்றுள் பாதியைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. தம்பியின் பள்ளிக் கட்டணமோ தவணையிற் போயிற்று.

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். அவற்றுள் 90 வினாக்கள் உயிரியலுக்கே உரியவை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 45 வீதம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். ஆகவே பாதித் தேர்வு உயிரியல். அதற்கு என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட இரு வகுப்பு நூல்களை, படங்களையும் அடிக்குறிப்புகளையும் விடாது பன்முறை படித்தலே முதன்மையானது. கருநாடகத்தில் பி.யூ.சி. அறிவியல் மாணவர்க்கு 2012 முதல் அப்பாடத்திட்டமே வகுப்பிலும் நடைபெறுகிறது. கல்லூரிக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று என இரட்டைச் செலவு எதற்கு?

அவென்யூ சாலையிற் பழைய நூல் வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2022-இல் அந்நூல்கள் சுருக்கப்பட்டன. பதினோராம் வகுப்பு உயிரியலில் 22 ஆக இருந்த இயல்கள் 19 ஆயின. பன்னிரண்டாம் வகுப்பில் 16 என்பது 13 ஆயிற்று. 2024-ஆம் ஆண்டுத் தேர்விற்கெனப் பாடத்திட்டமும் திருத்தப்பட்டது. பழைய நூலை வாங்குவதில் இழிவில்லை. வாங்கியவுடன் பாடத்திட்டத்தை அருகில் வைத்து, நீங்கிய இயல்களைப் பென்சிலால் அடித்துவிடுக. செய்முறைத் திறன் என்றோர் அலகு இயற்பியலிலே உண்டு. அதனைப் பலர் பாராமலே விட்டுவிடுகின்றனர்.

இயற்பியலுக்கு மட்டும் பாடநூலோடு கணக்குப் பயிற்சி நூல் ஒன்று தேவை. எச்.சி. வர்மாவின் இரு தொகுதிகள் நல்லவையே. ஆயினும் அவற்றின் எல்லாக் கணக்குகளையும் போட்டு முடிப்பேன் என்று அமர்ந்த பிள்ளைக்கு வேதியியலுக்கு நாளிராது. ஒரு நூலை எடுத்தால் அதனோடு நிற்க வேண்டும்.

அடுத்தது பழைய வினாத்தாள்கள். அவற்றைத் தேர்வு நடத்தும் முகமையின் இணையதளத்தில் காசின்றிப் பெறலாம். 2022 முதல் 2024 வரை 200 வினாக்கள் தந்து 180-க்கு விடை கேட்டனர். நேரமும் 200 நிமிடங்கள். பழைய தாளை வீட்டில் எழுதும்போது வினாக்களை 180 ஆக்கி, கடிகாரத்தை மூன்று மணிக்கு வைத்தல் வேண்டும். இருபது நிமிடத் தாமதம் எத்தகையது என்பதை இரயில்வேக்காரர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

இனி மொழி. சொக்கநாதசுவாமி கோயிற் கற்களிலே தமிழ் எழுத்து இருக்கும் இத்தொம்மலூரில், தமிழ் வினாத்தாள் கிடையாது. தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற இடங்களின் மையங்களில்தான் அது உண்டு. இங்கு எழுதும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தாளையே எழுதுகின்றனர். தமிழ்த் தாளிலும் தொல்லை வந்ததுண்டு. 2018-இல் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையென வழக்கு எழுந்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண்கள் வழங்கச் சொல்லிற்று; உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஐயம் வந்தால் ஆங்கில மூலமே முடிவானது என்பது விதி. ஆதலால், கருத்து விளங்காதபோது தமிழ்நாட்டுப் பாடநூலைத் தமிழிற் படித்துத் தெளிந்து, கலைச்சொல்லை ஆங்கிலத்திற் குறித்துக் கொள்ளும் பிள்ளைக்கு இரண்டும் கைகொடுக்கும். தாய்மார்களும் அந்நூலைப் பிரித்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்கலாமன்றோ!

சங்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கச் செயற்குழு இசைந்துள்ளது. தேர்வு முடித்த பிள்ளைகளின் நூல்களை ஜூன் மாதத்திற்குள் அங்கே சேர்ப்பிக்க வேண்டுகிறோம். முன்சொன்ன முப்பத்திரண்டு நூல்களும் இன்று மாலையே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுள் எவை பயன்படும் என்று பார்த்துப் பிரிக்க, ஞாயிறு காலை பத்து மணிக்கு மாணவர் நால்வர் தேவை.