சாட்சிக்குரிய பேட்டா சாட்சியின் கைக்கு வரட்டும்



சாட்சி சொல்லச் சம்மனில் குறித்த நாளில் தினக்கூலிக்காரர் அன்றைய வேலையை விடுகிறார். முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோர்ட்டுக்கு வருகிறார். மாலை வரை வராண்டாவில் நிற்கிறார். வழக்கு வாய்தா! கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. அவருக்குச் சேரவேண்டிய பேட்டா, அதாவது சாட்சிப் படி, எங்கே?

சட்டத்தில் குறையில்லை. சாட்சியின் நியாயமான செலவை அரசுப் பணத்திலிருந்து தரும்படி கிரிமினல் கோர்ட் உத்தரவிடலாம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 350ஆம் பிரிவு.

பணம் ஏன் போய்ச் சேருவதில்லை என்பதை 2000ஆம் ஆண்டிலேயே, சுவரண் சிங் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி டி.பி. வாத்வா எழுதிவிட்டார். பேட்டா வாங்கப் போனால் அங்கேயும் அலைக்கழிப்பு. மனம் வெறுத்து, அந்தக் காசே வேண்டாம் என்று சாட்சி திரும்பிவிடுகிறார் என்றார். விசாரித்த நாளுக்கு மட்டுமல்ல, வாய்தாவான ஒவ்வொரு நாளுக்கும் உடனே கொடுக்க வேண்டும், அனுப்பியும் வைக்க வேண்டும் என்றார். கீழ்நிலை ஊழியர்களிடம் சாட்சி அல்லல்படக் கூடாது, உயர் நீதிமன்றங்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எவ்வளவு நேர்மையான ஒப்புதல்!

அரசு ஊழியர் சாட்சி சொல்ல வந்தால் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. கோர்ட்டில் வருகைச் சான்று வாங்குகிறார், தம் அலுவலகத்தில் கொடுத்துப் பயணப்படி பெறுகிறார். தினக்கூலிக்காரருக்காகக் கணக்குப் பார்க்க எந்த அலுவலகம் இருக்கிறது?

இனி நிபுணர் சாட்சிகளுக்கு வருவோம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில், சிவில் வழக்குக்கென்று அமர்த்தப்படும் நிபுணர் தமக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் அறிக்கையிலேயே தெரிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம். இங்கே அரசு வெளியிலிருந்து அமர்த்தும் நிபுணருக்கும் அதே முறை வேண்டும். கொடுப்பது மக்களின் வரிப்பணம். தொகை பெரிதாக இருந்தால் அவர் சொல்லை நீதிபதி எடைபோடும்போது அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் பேட்டா விகிதத்தைத் தமிழில் எழுதி வைக்கட்டும். பணம் நேரே சாட்சியின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். வந்த தேதி, தொகை, பணம் சேர்ந்த தேதி மூன்றும் பதிவேட்டில் ஏறட்டும். அப்போது வராத சாட்சியின் பெயரில் பணம் எடுக்கவும் முடியாது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாது. மாவட்ட நீதிபதி ஆய்வுக்கு வரும்போது அந்தப் பதிவேட்டை முதலில் கேட்கட்டும்.

சம்மன் பெறும் பொதுமக்களே, வழக்கு வாய்தா ஆனாலும் பேட்டா கேளுங்கள். வழக்கறிஞர்களே, அவர்களுக்காக மனு எழுதிக் கொடுங்கள்.