துறைவாரித் தேடல்



தனுவச்சபுரத்துத் தமிழர்களாகிய நமக்கு வகைப்பாடு என்பது புதிதன்று. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் பேசும் மொழி எதுவாயினும், ஊருக்குப் பட்டியலில் ஓரிடந்தான்.

பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்களைத் துறைவாரியாகத் தேடித் தரும் கணினிக் கருவியின் இயல்பும் அதுவே. தேசியப் பங்குச் சந்தையின் வகைப்பாடு 12 பெருந்துறைகளில் தொடங்கி, 197 அடிப்படைத் தொழில்களாகக் கிளைக்கிறது. எனினும் ஒரு நிறுவனத்துக்கு ஓரிடமே உண்டு. வருவாயில் விஞ்சி நிற்கும் தொழிலே அதனை முடிவு செய்கிறது.

காகிதம் என்று தேடினால், புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு அரசு நிறுவனம் கிட்டும். பள்ளிபாளையத்துச் சேஷசாயி ஆலையும் கிட்டும். பத்ராசலத்தில் பெரும் காகித ஆலை நடத்தும் ஐ.டி.சி. அங்கே தோன்றாது. 1910இல் புகையிலைக் கம்பெனியாகப் பிறந்த அது, அன்றாட நுகர்பொருள் வரிசையில் வீற்றிருக்கிறது. சிகரெட்டுக்கு எத்துணை மரியாதையான பெயர்!

சிகரெட்டில் பணமிட மனமில்லாத நம்மவர் ஒருவர், சோப்பும் பிஸ்கோத்தும் என்றெண்ணி அவ்வரிசையிலேயே ஓய்வூதியச் சேமிப்பை இட்டுவிடக் கூடும். ஆண்டறிக்கையில் பிரிவுவாரி வருவாய் என்றொரு பகுதி உண்டு. எத்தொழிலில் எவ்வளவு வந்தது என்பதை அது ரூபாய்க் கணக்கில் காட்டும். பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் அவ்வறிக்கை கட்டணமின்றிக் கிடைக்கிறது.