மூச்சு வாங்கும் கைப்பிள்ளைகள்

(தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பால் குடிக்கும்போது கைப்பிள்ளைக்கு நெத்தி வேர்க்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நம்ம மலைக் குளிரில் பெரியவர்களுக்கே நடுக்கம். அதில் பச்சைப்பிள்ளை தலை நனைய வேர்த்தால் அது சும்மா இல்லை.

மலையிலிருந்து ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுறீங்க. பிள்ளை ரெண்டு வாய் குடித்து விட்டுவிட்டால், வயிறு நிறைஞ்சிருச்சு என்று படுக்க வைக்கிறீங்க. நிறையவில்லை, மூச்சு வாங்கியதால் விட்டிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பசித்து அழும். அதைப் பார்க்கிறவர் காம்பரா அம்மா, இல்லாவிட்டால் வீட்டிலுள்ள அம்மாயி. அவர்கள் சொல்வதைத் தட்டாதீங்க.

நமக்குத் தெரிந்த ஒரு லயத்தில் ரெண்டு மாதப் பிள்ளைக்கு இப்படித்தான். சளி என்றார்கள். அடுப்புப் புகைதான் காரணம் என்று நாங்களும் சொன்னோம். அது எங்கள் பிழை. மருத்துவிச்சி நிறுத்துப் பார்த்தபோதுதான் அட்டையில் கோடு ஏறாமல் கிடந்தது தெரிந்தது. பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை.

ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் சுமார் 8 பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருக்கும். அதிகம் காண்பது கீழ் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. ஓட்டை பெரிதென்றால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பவும் நுரையீரலுக்கே போகும். நுரையீரல் ஈரம் கட்டிக் கனக்கும். கொழுந்து மூட்டையோடு ஏத்தம் ஏறுகிற ஆள் மாதிரி, பிள்ளை படுத்தபடியே இளைக்கும். பிறந்த அன்றைக்கு இது தெரியாது, 4, 6 கிழமை போன பிறகுதான் தெரியும். ஆகவே, நல்லா இருக்குன்னுதானே டிக்கட் வெட்டினாங்க என்று இருந்துவிடாதீங்க. கிரகணத்தில் வெளியே போனாள் என்று மருமகளைத் திட்டுவதும் வேண்டாம்.

பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுதும் மூச்சை எண்ணுங்க. 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. அந்தக் கணக்கைத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. நாக்கு, உதடு நீலம் பாய்ந்தால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்கவே முடியாவிட்டால், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 1990க்கு அடித்தால் இலவசமாக அம்புலன்ஸ் வரும்.

இருமல் பாணி வாங்கி ஊற்றாதீங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, தலையை உயர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்க.

சின்ன ஓட்டைகள் பல தானாகவே மூடிக்கொள்ளும். பெரியவற்றுக்கு நீர் போக மருந்து கொடுத்து, பிறகு ஒப்பரேஷன் செய்வார்கள். கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அது இலவசம். ஆனால் பஸ் காசு, போன நாள் பேர், இது ரெண்டும் உங்க கையிலிருந்துதான். ஒரு பேர் போனா போகட்டும் என்று நாங்கள் சொல்வது சுலபம், சம்பளத் துண்டில் அது என்ன என்று எங்களுக்கும் தெரியும். கிளினிக் திகதி கிடைத்ததும் அட்டையோடு நம்மிடம் வாங்க. லீவுக்கு ஒபீசோடு பேசுவது எங்கள் வேலை.

அந்தப் பிள்ளைக்கு ஒப்பரேஷன் முடிந்தது. இப்போது காம்பராவில் மற்றப் பிள்ளைகளின் பிஸ்கட்டைப் பறிக்கிறான் என்று முறைப்பாடு வருகிறது.