இயன்ற அறம்

புத்தர்நெறி துறவியர்க்கே உரித்தென்பார், மணிமேகலை கூறும் சாதுவன் வரலாற்றைக் கற்றிலர் போலும்.

மனைவி ஆதிரையைப் பிரிந்து, பரத்தைபாற் பொருள் தொலைத்தவன் சாதுவன். பொருளீட்டக் கடலேறினான், கலம் உடைய, நாகர் மலைப்பக்கம் ஒதுங்கினான். ஆட்கொன்று தின்னும் நாகர் அவனைக் கொல்லாது விட்டது ஏன்? அவர்தம் மொழியை அவன் கற்றிருந்தான்! மொழியறிவு உயிர்காத்த திறம் காண்மின்.

நாகர் தலைவன் நல்கிய கள்ளையும் ஊனையும் சாதுவன் மறுத்தான். அவையின்றி வாழவியலாத தம்மவர்க்கு ஒத்த அறத்தை உரைக்குமாறு தலைவன் வேண்டினான். சாதுவன் முழுநோன்பைத் திணித்தானல்லன். கலமுடைந்து வருவோரைக் கொல்லாது காக்க, மூத்து இறந்த விலங்கின் ஊனன்றிப் பிற கொள்ளற்க, இவ்வளவே கேட்டான். கள்விலக்கை அங்கு வற்புறுத்திலன். இது தளர்ச்சியன்று, அடுத்துக் கரையேறுவான் ஒருவனது உயிர் அதனாற் பிழைக்குமன்றோ! நிறைகோல் பிடிக்கும் வணிகர்க்கும் இவ்வாறே: இன்றைய எடையிலிருந்து தொடங்கலாம்.

தலைவன் இசைந்தான், முன்னர்க் கலமுடைந்தோரிடம் கவர்ந்து வைத்திருந்த பொருளையும் அவனுக்கே ஈந்தான். சாதுவன் ஆதிரையிடம் மீண்டான். மணிமேகலை கையேந்திய அமுதசுரபியில் முதன்முதல் சோறிட்டவள் அவ் ஆதிரையே.