கொழுந்தெடுக்கும் கையும் ஒரு துளி மருந்தும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இங்கே விஞ்ஞானம் படித்து மருத்துவத் துறைக்குப் போன நாங்கள் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அது நோயைக் குணமாக்காது. நோய் பரவியிருக்கிறதா என்று எங்கே தேடலாம் என்பதைக் காட்டும்.

மார்பகப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கே. அதனால் முன்பெல்லாம் அவற்றை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பிய பலருக்குக் கை வீங்கியது, தோள் இறுகியது. மேசை வேலை செய்பவருக்கே அது வேதனை. இரத்தினபுரியில் கொழுந்தெடுப்பவருக்கும் கேகாலையில் றப்பர் பால் வெட்டுபவருக்கும் கை ஓய்ந்தால் பேர் விழாது.

நிணநீர் முதலில் வடியும் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா? 1993இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் கிராக் கதிர்வீசும் மருந்தைக் கட்டியருகே ஏற்றி, கையடக்கக் கருவியால் அந்தக் கணுவைத் தேடிக் காட்டினார். இன்று அதற்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்று, டெக்னீசியம்-99எம் ஒட்டிய அல்புமின் புரதத் துகள்கள். அவற்றில் 100க்கு 95 பங்காவது 80 நனோமீற்றருக்குள் இருக்க வேண்டும். தேயிலைச் சல்லடையை அறிந்த நமக்கு இது விளங்கும். துகள் பருத்தால் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும். மிகவும் சிறுத்தால் கணுவில் நில்லாமல் நழுவிவிடும்.

மருந்தை ஏற்றுமுன் ஒரு சொட்டைக் காகிதப் பட்டியில் வைத்துச் சோதிப்பார்கள். ஒட்டாத டெக்னீசியம் கரைப்பானோடு மேலே ஓடும், ஒட்டியது இட்ட இடத்திலேயே நிற்கும். எட்டாம் வகுப்பில் மையைப் பிரித்துப் பார்த்தோமே, அதே வித்தைதான்! கதிரைப் பற்றிப் பயம் வேண்டாம். அளவு சிறியது, 6 மணித்தியாலத்துக்கொருமுறை பாதியாகும்.

மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரொனேசி குழுவினர் 516 பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஒரு கணுவில் நோய் இல்லாதவர்களுக்கு மற்றக் கணுக்களை எடுக்கவில்லை. அப்படித் தப்பியவர்களுக்கு வலி குறைவு, கை நன்றாக அசைந்தது.

ஆனால் அவர்களுடைய கட்டிகள் 2 சென்றிமீற்றருக்கு மேற்படாதவை. நம் தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேர் அந்த அளவிலேயே வைத்தியரிடம் போகிறார்கள்? ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு வேண்டும், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடுகிறோம். தொடக்கத்தில் அந்தக் கட்டி வலிப்பதில்லை என்பதுதான் வில்லங்கமே.

35 வயதானவர்கள் எம்.ஓ.எச். பிரிவில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போங்கள். மார்பகத்தையும் அங்கே பார்ப்பார்கள். நாள் தெரியாவிட்டால் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். மேடையில் கேட்கக் கூச்சமான கேள்வி இருந்தால், தேநீர் வேளையில் நாங்கள் பின்வாசலருகே இருப்போம்.