பிரிண்டர் ஏன் அச்சடிக்கவில்லை?

(மட்டாஞ்சேரியில் தமிழ் வாசிப்பு வகுப்பு ஒன்றில் பேசிய பேச்சு)



இன்று பிரிண்டரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காகிதத்தில் அச்சடித்துத் தரும் பெட்டிதான் பிரிண்டர். உங்களுக்கு அது புதிது இல்லை. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் என்று என் வீட்டுத் திண்ணைக்கு வராதவர்கள் உங்களில் யார்?

நான் டீச்சர் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். நம் எர்ணாகுளம் மாவட்டத்தை 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். இந்தியாவிலேயே முதல் மாவட்டம் இதுதான். ஆனால் பிறகு பிழைக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு எழுத்துத் தெரியாமல்தான் இருந்தது. இதே மாதிரி ஒரு வகுப்பில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு அயல்கூட்டத்தில் கடன் வாங்கினேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் புதுப் பிரிண்டர் ஒன்றும் வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக் கடனை அடைத்து வந்தேன்.

ஒரு நாள் அந்தப் பிரிண்டர் நின்றுவிட்டது.

அன்று காலையில்தான் எங்கள் வீட்டு இன்டர்நெட் பெட்டியை மாற்றினார்கள். பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். மறுநாள் அவளுக்கு நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட் வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அவளுடைய அப்பா தோபிகானாவில் துணி வெளுக்கிறார். வெயிலில் நின்று, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்.

கம்ப்யூட்டரில் ஹால் டிக்கெட் தெரிந்தது. காகிதத்தில் வரவில்லை. பிரிண்டரில் நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் 'ஆஃப்லைன்' என்று வந்தது.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. போனில் அந்தப் பிரிண்டரின் பெயரைப் போட்டு உதவி எண் தேடினேன். ஒரு எண் வந்தது. கூப்பிட்டேன். ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "மேடம், ஒரு ஆப் அனுப்புகிறேன், அதைப் போடுங்கள், நான் இங்கிருந்தே சரி செய்கிறேன்" என்றார். போட்டேன். "பதிவுக்குப் பத்தே பத்து ரூபாய் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். என் போன் திரையில் நான் என்ன செய்தாலும் அது அவருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. அந்த ஆப் செய்யும் வேலை அதுதான். எனக்கு அது தெரியாது. கால் மணி நேரத்தில் என் கணக்கிலிருந்து 4,800 ரூபாய் போய்விட்டது. அந்த மாதக் கடன் தவணைக்கு வைத்திருந்த பணம்.

கம்பெனிக்காரர் எண் என்று நினைத்துத் திருடன் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன். இப்படிப் பொய்யான உதவி எண்கள் நிறைய இருக்கின்றன. உண்மையான எண் பிரிண்டர் வந்த அட்டைப் பெட்டியில் இருக்கும். கூட வந்த புத்தகத்திலும் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது நாடு முழுவதும் இணையத் திருட்டைச் சொல்வதற்கான எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் அழுதுகொண்டே ஒரு மணி நேரம் கழித்துப் பேசினேன். கொஞ்சம் திரும்பி வந்தது. எல்லாம் வரவில்லை.

ஹால் டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் மகன் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வந்தான். பிரிண்டர் வந்த அட்டைப் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கினான். உள்ளே ஒரு கேபிள் பிரிக்காமல் கிடந்தது. ஒரு முனையைப் பிரிண்டரில் சொருகினான். மறு முனையைக் கம்ப்யூட்டரில் சொருகினான். இரண்டு நிமிடத்தில் ஹால் டிக்கெட் கையில் வந்தது. 4,800 ரூபாய் போன பிறகு! அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். அவசரம் என்றால் வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுநாள் நம் பிரேரக் சேச்சி வந்தார். என்னை உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்று. வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. நான் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

நம் மட்டாஞ்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூதத் தெருவிலிருந்து அரண்மனைத் தெருவுக்கு நடந்து போகிறோம். எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் படகுத் துறைக்குப் போய்ப் படகு ஏறுகிறோம். வைஃபை என்பது ஊருக்குள் இருக்கிற தெரு. இன்டர்நெட் என்பது வெளியே போகிற படகு. அந்தப் பெட்டிதான் படகுத் துறை. படகு நின்றுபோனால் ஊருக்குள் நடக்க முடியாதா? முடியும். அதுபோலத்தான் இதுவும். உங்கள் போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். போனில் ஏற்கனவே இருக்கிற படத்தை, இன்டர்நெட் இல்லாவிட்டாலும் அச்சடிக்கலாம். இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். இன்டர்நெட் நன்றாக ஓடுகிறது என்பதால் பிரிண்டரும் தெருவில் சேர்ந்துவிட்டது என்று ஆகாது. என் வீட்டில் நடந்தது அதுதான்.

சரி, பிரிண்டர் சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பிரிண்டரே எழுதிக் கொடுக்கும்! வைஃபை உள்ள பல பிரிண்டர்களில் இதற்கு ஒரு வழி உண்டு. சிலவற்றில் 'i' என்று போட்ட பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். கூட வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அழுத்தினால் ஒரு தாள் வரும். எழுத்து ஆங்கிலம்தான். பயப்பட வேண்டாம். இரண்டே இடத்தைப் பார்த்தால் போதும். ஒன்று, வைஃபையின் பெயர். மற்றொன்று, நடுவில் புள்ளி வைத்த எண்.

என் தாளில் பெயர் இருந்த இடத்தில் பழைய பெட்டியின் பெயர் இருந்தது. பெட்டி போய்விட்டது. பிரிண்டர் அதையே தேடிக்கொண்டிருந்தது. வீடு மாறிப் போனவரைப் பழைய வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல. நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது அதற்குத்தான். கோளாறு எதுவும் இல்லை. புதுப் பெயரையும் புதுப் பாஸ்வேர்டையும் அதற்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். ரேஷன் கடையில் டோக்கன் தருகிறார்கள் அல்லவா? அந்த மாதிரி பெட்டி தன்னோடு சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தரும். வீடுகளில் பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். அப்படி இருந்தால் பிரிண்டர் சேர்ந்துவிட்டது. பிறகு தப்பு உங்கள் போனில் இருக்கலாம். போன் வைஃபையில் இல்லாமல் சிம் கார்டு டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும். எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டி டோக்கன் தரவில்லை, பிரிண்டர் தானாக ஒன்றை எழுதிக்கொண்டது என்று அர்த்தம். எல்லாம் 0 என்று இருந்தால் சேரவே இல்லை. இந்த எண்களைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம். பஸ் நம்பர் படிக்கத் தெரிந்தால் போதும்.

டோக்கன் வரவில்லை என்றால் பெட்டியை அணைத்துவிடுங்கள். பிரிண்டரையும் அணையுங்கள். முதலில் பெட்டியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். டோக்கன் கொடுப்பவர் முதலில் வந்து உட்கார வேண்டாமா? பிறகு பிரிண்டரைப் போடுங்கள்.

இனிப் பாஸ்வேர்டு. இதில்தான் நான் மூன்று நாள் திணறினேன். புதுப் பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருந்தன. பார்த்துப் பார்த்துப் போட்டேன். சேரவில்லை. நாம் தமிழ் படித்தவர்கள். தமிழில் பெரிய 'அ', சின்ன 'அ' என்று உண்டா? ஆங்கிலத்தில் உண்டு. ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம். பாஸ்வேர்டில் பெரியது இருக்கிற இடத்தில் சின்னதைப் போட்டால் திறக்காது. அதோடு வட்டமாக இருக்கிற 'ஓ' எழுத்தும் பூஜ்யமும் ஒரே மாதிரி இருக்கும். என் பாஸ்வேர்டில் இருந்தது பூஜ்யம். நான் எழுத்தைப் போட்டிருக்கிறேன். சேச்சி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக் கண்டுபிடித்தார். இப்போது பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வெளிப்பக்கம் ஒட்டாதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள்.

இன்னொரு வீட்டில் வேறு சங்கதி. பஜார் ரோடு பக்கம் ஒரு அண்ணன், மசாலாப் பொட்டலத்துக்கு லேபிள் அடிக்கிறார். அவர் வீட்டுப் பிரிண்டருக்குப் பெட்டியின் பெயரே கண்ணில் படவில்லை. போனில் தெரிகிறது, பிரிண்டரில் தெரியவில்லை. போய்ப் பார்த்தோம். நம் ஊர் வானொலி எஃப்எம்மில் 102.3-இல் வருகிறது. வேறு எண்ணில் வைத்தால் அது கேட்குமா? வைஃபையும் ஒரு வகை ரேடியோ அலைதான். இப்போது வருகிற பெட்டிகள் பல இரண்டு அலையில் பேசும். ஒன்றின் எண் 2.4, மற்றொன்றின் எண் 5. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். அந்த அண்ணன் பெட்டியில் 5 மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2.4-ஐயும் திறந்து வைக்கச் சொல்லி இன்டர்நெட் கொடுத்தவருக்குப் போன் செய்தோம். அவர் அங்கிருந்தே திறந்துவிட்டார். காசு வாங்கவில்லை.

அந்த 5 வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துபோகும். 2.4 கொஞ்சம் மெதுவானது. சுவரை அதைவிட நன்றாகத் தாண்டும். நம் பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவர் எவ்வளவு தடிமன் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் இரும்பு அலமாரி இருந்தால் அதுவும் அலையைத் தடுக்கும். தண்ணீர்த் தொட்டியும் தடுக்கும். முதல் தடவை சேர்க்கும்போது பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். சேர்ந்த பிறகு பழைய இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சில பெட்டிகளில் 'டபிள்யூ பி எஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரில் வைஃபை பொத்தானை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துவிடும். எல்லாப் பெட்டியிலும் இது இல்லை. இருந்தால் சுலபம்.

அச்சு என்றதும் சேச்சி சொன்ன ஒன்று ஞாபகம் வருகிறது. இந்தியாவில் அச்சடித்த முதல் தமிழ்ப் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் வந்ததாம். அடுத்த வருஷம், 1579-இல், இன்னொரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. எங்கே தெரியுமா? நம் கொச்சியில்! அப்போது வைஃபை இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் வார்த்துக் கையால் கோத்திருப்பார்கள். என் திண்ணையில் ஆதார் நகல் அடிக்கும்போது சில சமயம் அதை நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெண் தேர்வு எழுதினாளா என்று பின்வரிசை அக்கா கேட்கிறார். எழுதினாள். இப்போது வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். லீவில் வந்தால் முதலில் என் பிரிண்டரைத்தான் விசாரிப்பாள்.

பேச்சு போதும். பிரிண்டரை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். இந்த வகுப்பறையின் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கரும்பலகையில் இருக்கின்றன. பிரிண்டருக்கு இவை இன்னும் தெரியாது. முன்வரிசையிலிருந்து ஒருவர் வாருங்கள். இந்த 'i' பொத்தானை அழுத்துங்கள். தாள் வரட்டும். எண் என்ன வருகிறது என்று உரக்கப் படியுங்கள்.