அச்சு முடிந்தது, விசிறி ஏன் சுற்றுகிறது?



ஆதார் நகல் வேண்டும். பிள்ளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் வேண்டும். உடனே எங்கே போகிறோம்? ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறோம். அங்கே மேசை மேல் ஒரு பெட்டி இருக்கும். அதன் பெயர் லேசர் பிரிண்டர். தாள் வெளியே வந்துவிடும். ஆனாலும் பெட்டி ‘உர்ர்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்த பிறகும் அது ஏன் இரைகிறது? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பெண் மகளிர் குழுவில் கடன் வாங்கினார். ஒரு பிரிண்டர் வாங்கிச் சிறிய கடை வைத்தார். மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். அதனால் காசைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தார். பிரிண்டர் இரைவதைக் கேட்டால் அவருக்கு மனம் பதறும். “வேலைதான் முடிந்துவிட்டதே! இது சும்மா ஓடுகிறதே! கரண்டு வீணாகிறதே!” என்று நினைப்பார். தாள் வந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை ‘டக்’ என்று அணைத்துவிடுவார்.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஒருவருக்கு இரண்டு பக்கம் அச்சிட வேண்டும். முதல் தாள் வந்தது. அவசரத்தில் அவர் பழக்கப்படி சுவிட்சை அணைத்துவிட்டார். இரண்டாவது தாள் பாதி வழியில் உள்ளே நின்றுவிட்டது. அவர் பின்பக்கக் கதவைத் திறந்தார். கையை உள்ளே விட்டார். ‘ஆ!’ என்று அலறினார். இரண்டு விரல்கள் கொப்பளித்துவிட்டன.

பக்கத்தில் இருந்த ஒருவர் பற்பசையைத் தடவச் சொன்னார். நல்ல வேளை, அங்கே ஒரு செவிலியர் இருந்தார். அவர் தடுத்தார். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் விரல்களைக் காட்டச் சொன்னார். தீப்புண்ணுக்கு முதல் உதவி அதுதான். பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். அந்தப் பெண் கேட்டார்.

“அண்ணே, இது காகிதம் அடிக்கிற மெஷின்தானே? உள்ளே எதற்கு இவ்வளவு சூடு?”

மெக்கானிக் சிரித்தார். “அம்மா, இதில் இருப்பது ஈர மை இல்லை. டோனர் என்ற பொடி. பிளாஸ்டிக்கோடு நிறம் சேர்த்து அரைத்த பொடி. லேசர் ஒளி ஓர் உருளையின் மேல் எழுத்தை வரைகிறது. அந்த இடத்தில் பொடி ஒட்டுகிறது. அங்கிருந்து தாளுக்கு வருகிறது. அப்போது விரலால் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். தாளில் அது நிலைக்க வேண்டும் என்றால் பொடி உருக வேண்டும். அதற்குத்தான் சூடான உருளை. தாள் அதன் இடுக்கில் நுழைந்து வருகிறது. துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி.”

அந்த உருளையின் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 200 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதனால்தான் புதிதாக வரும் தாள் கைக்குச் சுடச்சுட இருக்கிறது.

இந்தச் சூடு இன்று வந்தது இல்லை. 1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்தார். அவரும் பொடியைத்தான் தூவினார். மெழுகுத் தாளில் பொடியை ஒற்றினார். சூடு காட்டித்தான் நிலைக்க வைத்தார். பிறகு 1971-இல் கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அவர் வேலை செய்த நிறுவனத்தின் பெயர்தான் ஜெராக்ஸ்.

தோசை சுட்டு முடிந்ததும் அடுப்பை அணைக்கிறோம். கல் உடனே ஆறிவிடுமா? ஆறாது. பிரிண்டரும் அப்படித்தான். உள்ளே ரப்பர் உண்டு, பிளாஸ்டிக் உண்டு, டோனர் பொடியும் உண்டு. சூடு உள்ளேயே தங்கினால் இவற்றுக்குக் கேடு. அதனால் விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. சூடு குறைந்ததும் தானே நின்றுவிடும், அல்லது மெதுவாகச் சுற்றும். நிறைய தாள் அடித்தால் கூடுதல் நேரம் சுற்றும். வெயில் நாளிலும் அப்படித்தான்.

“கரண்டு செலவு ஆகாதா அண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“உருளையைச் சூடாக்கத்தான் அம்மா நிறைய கரண்டு வேண்டும். விசிறி ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான் எடுக்கும். அதை மிச்சம் பிடிக்கப் போய் மெஷினை இழக்கலாமா?”

பிறகு மெக்கானிக் கதவின் உள்ளே ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். மஞ்சள் முக்கோணம். அதில் நெளிநெளியாக மூன்று கோடுகள்.

“இது என்ன அம்மா?”

“மூன்று பாம்பு மாதிரி இருக்கிறது அண்ணே.”

“பாம்பு இல்லை. அனல் எழும்புகிறது. ‘இங்கே சுடும், தொடாதே’ என்று அர்த்தம்.”

அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த எழுத்து ஆங்கிலம். அது அவருக்குத் தெரியாது. ஆனால் படத்தைப் படிக்க எந்த மொழியும் வேண்டாம். எழுத்தைப் போலவே படத்தையும் படிக்கக் கற்க வேண்டும்.

நண்பர்களே, இவற்றை நினைவில் வையுங்கள்:

விசிறி ஓயும் வரை காத்திருங்கள். முதலில் பிரிண்டரின் பொத்தானை அணையுங்கள். பிறகு சுவர் சுவிட்சை அணையுங்கள்.

பிரிண்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். காற்று போக ஒரு சாண் இடமாவது விடுங்கள். சூடாக இருக்கும்போது துணி போட்டு மூடாதீர்கள்.

தாள் சிக்கினால் மின்சாரத்தை நிறுத்துங்கள். சூடான பகுதியைத் தொடும் முன் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

டோனர் பொடி கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். சூடு பட்டால் பொடி இளகி ஒட்டிக்கொள்ளும்.

சீரான ‘உர்ர்’ சத்தம் நல்ல சத்தம். ‘கரகர’, ‘கடகட’ என்று கேட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அப்போது விசிறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது சுவிட்சுக்கு ஓடுவதில்லை. விசிறி சுற்றும் நேரத்தில் அன்றைய வரவு செலவை நோட்டில் எழுதுகிறார். எழுதி முடிக்கும்போது பெட்டியும் அமைதியாகிவிடுகிறது. தவணையும் தவறுவதில்லை.

உழைத்த மனிதருக்கு இளைப்பாறல் வேண்டும். உழைத்த பொறிக்கும் வேண்டும்.



சொல்லுங்கள் பார்ப்போம்:
1. டோனர் என்பது என்ன?
2. மஞ்சள் முக்கோணத்தில் மூன்று நெளிகோடுகள் இருந்தால் என்ன பொருள்?
3. உங்கள் வீட்டில் வேலை முடிந்த பிறகும் சூடாக இருக்கும் பொருள்கள் எவை?